ராணுவத்தில் இருந்துகொண்டே சங்கேதக் கலையில் முன்னோடியாக இருந்த அதிகாரி யாராவது உண்டா?

கேள்வி கேட்ட தம்பி குன்னூரில் கணினி அறிவியல் படிக்கிறார். சங்கேதம் என்றாலே கணித மேதைகளின் பெயர்கள்தான் வருகின்றன, சீருடை போட்டவர்கள் யாரும் இல்லையா என்று கேட்கிறார். தினமும் ராணுவக் கல்லூரி இருக்கும் வெலிங்டனைத் தாண்டிப் போகும்போது தோன்றிய கேள்வி என்றும், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர என்ன வழி என்றும் எழுதியிருக்கிறார்.

நிறையப் பேர் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்க ராணுவ அதிகாரி ஜோசப் மாபோர்ன். நான் நம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். வயர்லெஸ் செட் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இவருடைய அருமை சீக்கிரம் புரியும்.

அவர் வேலை செய்த காலத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வயர்லெஸ் வருவதற்கு முன் படைகள் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பின; இல்லாவிட்டால் கொடி, அதுவும் இல்லாவிட்டால் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து மின்ன வைக்கும் ஹீலியோகிராஃப். நம் ஊரில் ஜூலை மாதம் அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரமே தெரியாது. வயர்லெஸ்ஸுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை, வெட்டுவதற்குக் கம்பியும் இல்லை. ஆனால் அதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் இந்தச் சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருப்பவரைக் கூப்பிட்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும் அல்லவா, வயர்லெஸ்ஸும் அப்படித்தான். எதிரி செட்டைத் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இந்தச் சிக்கலின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் கையில் எடுத்தார். அதனால்தான் மாபோர்னை முன்னோடி என்கிறேன். காலாட்படையில் அதிகாரியாகத் தொடங்கி, ஃபோர்ட் லெவன்வொர்த் என்ற இடத்திலிருந்த சிக்னல் பள்ளியில் படித்தவர். 1914இல் அவர் செய்த இரண்டு காரியங்களைப் பாருங்கள். அந்த டிசம்பரில் பிலிப்பைன்ஸில், ஹெர்பர்ட் டார்க் என்ற விமானியுடன் சேர்ந்து, பறக்கும் விமானத்துக்கும் தரைக்கும் இடையே வயர்லெஸ் தந்தியில் செய்தி போகவும் வரவும் செய்து காட்டினார். கருவி அவரே உருவாக்கியது. அதே ஆண்டு வெளிவந்த 19 பக்கச் சிறு புத்தகம் ஒன்றில், பிரிட்டிஷ் ராணுவம் போர்க்களத்தில் நம்பிப் பயன்படுத்திய பிளேஃபேர் சைஃபரை (ரகசிய எழுத்து முறையை) எப்படி உடைப்பது என்று விளக்கினார். எழுத்துகளை இரண்டிரண்டாகப் பிரித்து 5க்கு 5 கட்டத்தில் மாற்றி எழுதும் முறை அது. அதற்கான விடை அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவர் வெறும் லெப்டினன்ட்.

செய்தியை வானத்திலிருந்து அனுப்பத் தெரிந்தவருக்கு, அதை யாரெல்லாம் கேட்பார்கள் என்ற கவலையும் இருந்திருக்கிறது. எனக்கு இந்தக் குணம்தான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்தது எம்-94 என்ற சங்கேதக் கருவி. ஒரு தண்டில் கோத்த 25 அலுமினியத் தட்டுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஆங்கில எழுத்துகள் வெவ்வேறு வரிசையில் கலைந்து கிடக்கும். தட்டுகளைச் சுழற்றி ஒரு வரியில் செய்தியை அமைத்துவிட்டு, வேறு ஏதாவது ஒரு வரியைப் படித்து அனுப்ப வேண்டும். வாங்குபவர் அந்த வரியைத் தன் கருவியில் அமைத்து, மற்ற வரிகளில் எது பொருள் தருகிறது என்று பார்ப்பார். மூல யோசனை அவருடையது இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் காலத்திலேயே இருந்தது, பிரெஞ்சு அதிகாரி பசெரி அதைத் தனியாகக் கண்டுபிடித்தார், பார்க்கர் ஹிட் என்ற இன்னொரு அமெரிக்க அதிகாரி அதன் மேல் வேலை செய்தார். மாபோர்ன் அதைப் போர்க்களத்துச் சிப்பாய் கையில் கொடுக்கும் கருவியாக்கினார். 1922 முதல் இரண்டாம் உலகப்போர் வரை அது புழக்கத்தில் இருந்தது. மழையில் நனைந்துகொண்டு, தூக்கம் இல்லாமல் வேலை செய்யும் ஆளுக்கு எளிமைதான் முக்கியம். அலுவலக மேசையில் உட்கார்ந்து வடிவமைப்பவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய பெயர் நிலைத்தது ஒருமுறைத் திறவுகோலால், அதாவது ஒரே ஒரு தடவை பயன்படுத்தும் ரகசியச் சாவியால். 1917இல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளர் கில்பர்ட் வெர்னம், டெலிபிரின்டர் (தட்டச்சு செய்து அனுப்பும் தந்திக் கருவி) செய்தியோடு, சாவியாகத் துளையிட்ட ஒரு நாடாவின் எழுத்துகளைக் கூட்டி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். நாடா வளையமாக இருந்ததால் அதே சாவி திரும்பத் திரும்ப வந்தது. மாபோர்ன் அதில் இருந்த ஓட்டையைப் பிடித்தார். சாவியில் எந்த ஒழுங்கும் இருக்கக் கூடாது, செய்தி அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தவே கூடாது என்றார். (இதே யோசனையை 1882இலேயே ஃபிராங்க் மில்லர் என்ற கலிஃபோர்னியா வங்கியாளர் தந்திக்காக எழுதி வைத்திருந்தார். அது 2011இல்தான் கவனத்துக்கு வந்தது. அவருக்கும் உரிய மதிப்பு சேர வேண்டும்.)

தாளில் செய்து பாருங்கள். அனுப்ப வேண்டிய எண் 471. சாவி 856. பத்தைத் தாண்டினாலும் அடுத்த இலக்கத்துக்கு ஒன்றை எடுத்துச் செல்லாமல் இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 227. வாங்குபவர் அதிலிருந்து 856ஐ அதே மாதிரி இலக்கம் இலக்கமாகக் கழித்தால் (போதாத இடத்தில் பத்தைச் சேர்த்துக்கொண்டு) 471 கிடைக்கும். நடுவில் 227ஐ ஒட்டுக் கேட்டவருக்கு 000 முதல் 999 வரை எல்லா எண்ணும் சம வாய்ப்புள்ள விடைதான். எவ்வளவு பெரிய கணினியும் உதவாது. அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் பின்னாளில் இதைக் கணிதத்தில் நிரூபித்தார், 1949இல் அது வெளியானது.

இப்போது அதே 856ஐ வைத்து 309ஐயும் அனுப்புங்கள். 155 போகும். எதிரி 227இலிருந்து 155ஐ அதே முறையில் கழித்தால் 172. நம் செய்திகள் 471, 309 இரண்டையும் கழித்தாலும் அதே 172தான். சாவி காணாமல் போய்விட்டது! இரண்டு செய்திகளுக்கும் இடையே உள்ள உறவு எதிரி கையில் வந்துவிட்டது, அதை வைத்து ஊகித்து ஊகித்து உள்ளே வரலாம். சோவியத் ஒன்றியத்துக்கு இதுதான் நடந்தது. 1942இல் போர் நெருக்கடியில் சாவிப் பக்கங்கள் சிலவற்றை இரண்டு தடவை அச்சடித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் 1943இல் தொடங்கிய வெனோனா திட்டத்தில், பல வருட உழைப்பில், சுமார் 3000 சோவியத் செய்திகளை முழுதாகவோ பகுதியாகவோ படித்தார்கள். பயன்படுத்திய பக்கத்தைக் கிழித்து எரி என்று சிக்னல்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது இதற்காகத்தான்.

1937 முதல் 1941 வரை மாபோர்ன் அமெரிக்கச் சிக்னல் படையின் தலைவர். ஜப்பானின் பர்ப்பிள் சைஃபரை ராணுவத்தின் சங்கேத நிபுணர் வில்லியம் ஃபிரீட்மனின் குழு 1940இல் உடைத்தது இவர் பதவிக் காலத்தில்தான். தலைமையில் இருப்பவருக்கே சங்கேதம் உடைக்கத் தெரியும் என்பது அந்தக் குழுவுக்கு எவ்வளவு பெரிய பலம்! ஓவியம் வரைவார், வயலின் செய்வார். 1971இல் காலமானார்.

சரி, வெலிங்டன் விஷயம். அங்கே இருப்பது பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரி. பிரிவினையின்போது, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குவெட்டாவின் கல்லூரியிலிருந்து பிரிந்து வந்தது. ஏற்கனவே அதிகாரிகளாக இருப்பவர்களுக்கானது, தரைப்படையில் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பிளஸ் டூ முடித்தோ பட்டம் முடித்தோ நேராக அங்கே சேரலாம் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள், முடியாது. பொறியியல் முடிப்பவராக இருந்தால் குறுகிய காலப் பணியின் தொழில்நுட்பப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் மாதிரியான இடத்தில் பயிற்சி. சிக்னல்ஸ் கிடைத்தால் அப்புறம் மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்ற ஊரில் உள்ள ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி. விண்ணப்ப அறிவிப்பு ராணுவத்தின் அதிகாரபூர்வ ஆள்சேர்ப்புத் தளத்தில் வரும். இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள் தம்பி.