பேங்க் மேனேஜர்கிட்ட எப்படிப் பேசுறது?

கேள்வி: அக்கா, நாங்க பத்து பொம்பளைங்க சேந்து கடல்பாசி வளக்குறோம். லோனுக்கு பேங்க்ல பிரசன்டேஷன் குடுக்கணும். "உலகத்தரம், அபார வளர்ச்சி"ன்னு எழுதியிருக்கோம், போதுமா?
- வாசகி, மண்டபம்

பதில்: போதாதும்மா, முதல்ல அந்த ரெண்டையும் அடிச்சிருங்க. அபாரம்னு ஊறுகாய் விக்கிறவரும்தான் சொல்றாரு. அதுக்குப் பதிலா 12க்கு 12 அடி மூங்கில் மிதவை, கட்டுனது 60 கிலோ விதைப்பாசி, 45 நாள்ல அறுத்தது இத்தனை கிலோ, காஞ்சப்புறம் இத்தனை, கைக்கு வந்த காசு இவ்வளவுன்னு உங்க நோட்டுல உள்ள கணக்கையே வரிசையா சொல்லிட்டுப் போங்க, அவரு பேனாவை எடுத்துருவாரு. கராஜீனன்னு மட்டும் சொன்னா முழிப்பாரு, ஐஸ்கிரீம்லயும் பேஸ்ட்லயும் சேக்குற அந்தப் பொருளை எங்க பாசியிலேர்ந்துதான் எடுக்குறாங்கன்னு சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகையில கடல் கொந்தளிச்சு மிதவை அத்துக்கிட்டுப் போறதை மறைக்காதீங்க, அப்ப தவணைக்கு என்ன பண்ணுவோம்னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிட்டா அவரு நம்புவாரு. "கட்டிரலாம், பாத்துக்கலாம்" வேண்டாம், "பாசி வித்த வாரமே கட்டுவோம்"னு சொல்லுங்க. அப்புறம் ஒரு கவர்ல காஞ்ச பாசி கொண்டுபோய் மேஜையில வைங்க, வாடை வந்தா வரட்டும்.