கொண்டுவந்து நீட்டியது யார்?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் தூங்கியபின் ஃபோனைத் திறந்து பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பதிவுகள் வரிசையாக வருகின்றன. பயந்துபோய் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகத்தில் இருக்க ஆஸ்திரேலியா தடை போட்டிருக்கிறதே, எல்லா நாடுகளிலும் அதைக் கொண்டுவந்தால் போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் அந்தத் தடை, கணக்கு வைத்திருப்பதற்குத்தான். கணக்கில்லாமல் பார்க்கக் கிடைப்பது அப்படியேதான் இருக்கிறது. தடை இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை.

'வரிசையாக வருகின்றன' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். யார் வரிசைப்படுத்தியது? மகள் தேடிப்போனாள் என்று நினைத்துத்தானே ஃபோனைப் பிடுங்கினீர்கள்? அவள் தேடியிருக்கவே வேண்டாம். ஒரு சாம்பல் நிறப் படம், அதன்மேல் சோகமாக ஒரு வரி. மற்றதையெல்லாம் ஒரு நொடியில் தள்ளிவிடும் விரல் அங்கே நான்கு நொடி நிற்கிறது. லைக் இல்லை, கமென்ட் இல்லை. நின்ற நேரம் பதிவாகிவிட்டது. எதனால் நின்றாள் என்று, அடுத்து எதைக் காட்டலாம் என்று கணக்குப் போடும் அல்காரிதத்துக்குத் தெரியாது. அழுகையும் ஆர்வமும் அதற்கு ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் அதேபோல் இரண்டு வரும். அவற்றிலும் விரல் நின்றால் இன்னும் வரும்.

பிரிட்டனில் மாலி ரஸ்ஸல் என்ற சிறுமி 2017இல் இறந்தபோது அவளுக்கும் பதினான்கு வயதுதான். கடைசி ஆறு மாதத்தில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, லைக் செய்த, பகிர்ந்த சுமார் 16,300 பதிவுகளில் 2,100 மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை சார்ந்தவை என்று 2022இல் நடந்த மரண விசாரணையில் தெரியவந்தது. படங்களைச் சேமித்துப் பகிரும் தளமான பின்டரெஸ்ட் அவளுக்கு மின்னஞ்சலே அனுப்பியிருந்தது: உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பத்து மனச்சோர்வுப் படங்கள் என்று. விசாரணை அதிகாரி அவளுடைய மனச்சோர்வு நோயையும் சொன்னார், இணையத்தில் பார்த்தவற்றின் தீய விளைவையும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

அதனால்தான் 'மோசமான பதிவை நீக்கு' என்பதோடு நிற்கும் சட்டத்தை நான் சட்டமாகவே மதிப்பதில்லை. ஒரு சொல்லைத் தடுத்தால் பிள்ளைகள் ஒரு எழுத்தை மாற்றிப் போடுவார்கள். அதைவிட மோசம், 'தாங்க முடியவில்லை, யாராவது பேசுங்கள்' என்று எழுதிய பிள்ளையின் பதிவும் அதே வலையில் மாட்டி நீங்கும். தூண்டுவதும் வழி சொல்லிக்கொடுப்பதும் வேறு, வலியைச் சொல்வது வேறு. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிரித்துப் பார்க்கிறது. தூண்டுகிற, ஊக்குவிக்கிற, வழி சொல்கிற பதிவுகளைச் சிறார்களுக்கான பரிந்துரையிலிருந்தே வடிகட்ட வேண்டும் என்பது 2025 ஜூலை 25 முதல் அங்கே நிறுவனத்தின் கடமை. மீறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். எழுதியவனை மட்டும் துரத்தாமல், குழந்தையின் முன் கொண்டுவந்து நீட்டியவனின் சட்டையையும் பிடிக்கிறார்கள். எந்த நாடு சட்டம் எழுதினாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

இனி நீங்கள். தூங்கும் பிள்ளையின் ஃபோனைத் திறந்தது தப்பு. சொல்லாமல் பிடுங்கியது அதைவிடத் தப்பு. அவள் மனம்விட்டுப் பேசும் ஒரே தோழி அதற்குள் இருக்கலாம். அடுத்தமுறை அவள் செய்வது மறைப்பதாகத்தான் இருக்கும். பயத்தில் செய்தீர்கள், புரிகிறது. பார்த்ததை ஒப்புக்கொண்டு ஃபோனைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அமைப்புகளில் பரிந்துரைகளை மீட்டமைக்கச் சொல்லுங்கள். பிறகும் அந்த மாதிரிப் பதிவு வந்தால் 'விருப்பமில்லை' என்று அழுத்த வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் போதாது, சில நாள் விடாமல் செய்ய வேண்டும். இரவில் ஃபோன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. 'செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாதபடி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவும் உதவி எண்களும் இருக்கின்றன. அவள் 'இல்லை' என்று சொன்னாலும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.