புழுவின் எச்சிலும் போத்தல் சாறும்

கேள்வி: குச்சவெளியில் அரை ஏக்கர் சோளமும், பக்கத்தில் கொஞ்சம் கௌபியும் போட்டிருக்கிறேன். “புழுவிலிருந்து எடுத்த சாறு, அடித்தால் பயிரே படைப்புழுவை விரட்டும்” என்று ஒரு முகவர் லீற்றர் 4,500 ரூபா சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் பாதி உண்மை, ஆபத்தே அதுதான்.

புழு கடிக்கும்போது அதன் எச்சில் காயத்தில் படும். உடனே சோளம் ஒரு வாசனையை வெளிவிடும். அதைத் தேடி வரும் சிறு குளவி புழுவுக்குள் முட்டையிடும், பொரிக்கும் குஞ்சு புழுவைத் தின்றுவிடும். எச்சிலில் உள்ள அந்தப் பொருள் வொலிசிட்டின், 1997இல் கண்டறிந்தார்கள். ஆனால் காயமில்லாத இலையில் தடவினால் பயிர் அசையாது. அப்புறம், நீங்கள் ஏற்கனவே மருந்து அடித்திருந்தால், வரவேண்டிய குளவியை அதுவே கொன்றிருக்கும்.

கௌபி கதை வேறு. படைப்புழு தின்ற கௌபி இலையின் புரதமே அதன் குடலில் துண்டுபட்டு, எச்சிலோடு திரும்ப இலைக்கு வரும். அந்தத் துண்டை இன்செப்டின் என்பார்கள். தன் வீட்டு ஓட்டுத் துண்டு கள்வன் கையில் இருப்பதைக் கண்டதுபோலக் கௌபி விழித்துக்கொள்ளும். கௌபி, போஞ்சி போன்ற சில அவரையினங்களுக்குத்தான் இந்தக் கண் உண்டு, சோளத்துக்குக் கிடையாது. இரண்டுக்கும் ஒரே போத்தலை நீட்டுகிறவரிடம் உள்ளே என்ன பொருள் என்று கேளுங்கள். இறால் கோதிலிருந்து எடுத்த கைட்டோசானைக் கரைத்துப் “பூச்சிச் சாறு” என்று விற்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவில்லாத பீடைகொல்லியை விற்க முடியாது. அதனால்தான் லேபிளில் “வளர்ச்சி ஊக்கி” என்று போட்டுக்கொள்கிறார்கள். முறைப்பாடு கொடுத்தால், இது பசளையா மருந்தா என்று கடிதம் மேசைக்கு மேசை அலையும். போகம் முடிந்து அடுத்த விதைப்பும் வந்துவிடும்.

நீங்கள் காலையில் வரிசையாக நடந்து பாருங்கள். இலையில் மயிர் மூடினாற்போல் முட்டைக் குவியல் இருந்தால் நசுக்குங்கள். தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்தும் வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் தெரிந்தால் படைப்புழுதான். குருத்துக்குள் இறங்குமுன் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள். உள்ளே போனபின் எந்த மருந்தும் லேசில் எட்டாது.

ஏற்கனவே முற்பணம் கொடுத்திருந்தால் முகவரிடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தரமாட்டார்.