பதில்: பழைய வீட்டின் மேல் மாடி, கான்கிரீட்டா ஸ்டீலா?

நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கம், 25 வருஷத்துப் பழைய வீட்டின் மேல் 600 சதுர அடி மாடி கட்டணும், ஸ்டீல் சட்டம் மலிவு என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

விலையை அப்புறம் பார்க்கலாம். 5 அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ. 600 சதுர அடிக்குக் கூரை மட்டுமே 17 டன்னுக்கு மேல். செங்கல் சுவர் தனி. பழைய அஸ்திவாரம் இதைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் கான்கிரீட் பக்கம் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டீல்தான் ஜெயிக்கும்.

ஆனால் எடை குறைந்தால் காற்று தூக்கும். 2018 கஜா புயலில் உங்கள் பக்கம் எத்தனை ஷீட் கூரை பறந்தது! சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டை, மொட்டை மாடியில் பதித்த தட்டோட்டின் மேலேயே அடிக்க விடாதீர்கள்; அந்த ஓடுகளைப் பெயர்த்து, கீழே பீம் இருக்கும் இடத்தில் இறக்கணும். உப்புக்காற்றுக்கு வெறும் பெயின்ட் போதாது, ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் பூச்சு) கேளுங்கள். வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும், முதல் துரு அங்கேதான். அதனால் சைட்டில் போல்ட் இணைப்பே நல்லது.

கொட்டேஷனில் வெப்பத்தடுப்பு, உள்சுவர் பலகை சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் அந்த 'மலிவு' இவற்றை விட்டுவிட்டுப் போட்ட கணக்குதான்.