கிளைடர் பயிற்சி விபத்துகள்: பின் இருக்கையிலிருந்து சில பதில்கள்

கேள்வி: பயிற்சியாளர் கூடவே இருக்கும்போது விபத்து எப்படி நடக்கிறது? (மகனைப் பயிற்சிக்குச் சேர்த்திருக்கும் ஒரு தந்தை)

பெரும்பாலும் அவர் பார்க்காமல் விட்டதால் அல்ல, பார்த்துக்கொண்டே காத்திருந்ததால். ஏஎஸ்கே 21 போன்ற இரட்டை இருக்கைக் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) மாணவர் முன்னால், பயிற்சியாளர் பின்னால். மாணவரின் முகம் தெரியாது. ‘தானே திருத்திக்கொள்வார்’ என்று ஒரு நொடி விட்டுப்பிடிப்பது ஆயிரம் மீட்டரில் நல்ல கற்பித்தல். ஐம்பது மீட்டரில் அந்த நொடி கையில் இல்லை.

கேள்வி: பிரிட்டனில் விஞ்ச் (தரையிலிருந்து கேபிளைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) மூலம்தான் அதிகம் ஏற்றுகிறார்கள். அதில் எங்கே கவனம் வேண்டும்?

தரையிலேயே ஆரம்பிக்கிறது. ஓட்டத்தில் ஒரு இறக்கை சாய்ந்து புல்லில் மாட்டினால் கிளைடர் சுழன்று கவிழும். சாய்வை நிறுத்த முடியவில்லையென்றால், இறக்கை தரையைத் தொடும் முன்பே மஞ்சள் குமிழை இழுத்துக் கேபிளை விட்டுவிட வேண்டும். அதனால் மாணவர் கை குமிழில் இருந்தாலும் என் கையும் என் குமிழில்தான் இருக்கும்.

அடுத்தது கேபிள் அறுவது. மூக்கு வெகுவாக மேல்நோக்கி நிற்கும், வேகம் வடியும். முதலில் மூக்கைத் தாழ்த்தி, வேகம் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். அதன்பிறகுதான் திருப்பமோ ஏர்பிரேக்கோ (இறங்க உதவும் இறக்கைத் தகடு). அவசரப்பட்டுத் திருப்பினால் ஸ்பின், அதாவது சுழன்றபடி கீழே விழுவது. இன்னொரு வில்லங்கமும் உண்டு: மூக்கைத் தாழ்த்தும்போது உடல் லேசாவதை ஸ்டால் (இறக்கை தாங்கும் விசையை இழப்பது) என்று எண்ணி, சில மாணவர்கள் ஸ்டிக்கை (ஓட்டும் கோல்) மேலும் மேலும் தள்ளுவார்கள். அப்படிப்பட்டவர் யார் என்பதை உயரத்திலேயே சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் தாழ்வில் கேபிள் அறுவதுபோல் ஒத்திகை பார்ப்பது, என் பார்வையில், பொறுப்பில்லாத வேலை.

பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் 2005இல் விஞ்ச் பாதுகாப்புக்கென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதன்பின் உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன.

கேள்வி: விமானம் இழுத்துப் போகும்போது ஆபத்து கிளைடருக்கா, முன்னால் போகிறவருக்கா?

முன்னால் போகிறவருக்கு. கிளைடர் அளவுக்கு மீறி மேலே எழும்பினால் இழுவை விமானத்தின் வால் தூக்கப்பட்டு, அது தலைகுப்புறப் பாயும். தாழ்வில் மீள உயரமே இருக்காது. இழுவை விமானம் மூக்குக்கடியில் மறைந்துவிட்டால் மாணவரிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் கயிற்றை விடுங்கள்.

கேள்வி: எந்த மாணவரிடம் அதிகம் உஷார்?

நன்றாக ஓட்டுபவரிடம். தடுமாறுபவரோடு பறக்கும்போது என் கை தானாகவே ஸ்டிக் அருகில் இருக்கும். அதோடு, வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும் மாலை நேரம். அப்போது கவனிக்க வேண்டியது மாணவரை அல்ல, என்னை.

கேள்வி: லேசாக ஸ்டிக்கைத் தொட்டு உதவலாமா? (பயிற்சியாளராகப் போகிறவர்)

வேண்டாம். அவர் நீங்கள் ஓட்டுவதாக நினைப்பார், நீங்கள் அவர் ஓட்டுவதாக. எடுப்பதென்றால் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று உரக்கச் சொல்லி முழுதாக எடுங்கள். அவர் ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’ என்று பதில் சொல்லிக் கையை விட வேண்டும். இந்தப் பழக்கத்தை முதல் நாளே தரையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.