தென்னைக்கு மேலே ஓர் அலைப்பாதை: வாசகர் கேள்வி – பதில்

ஒரு கட்டடத்தில் இருக்கும் இணையத்தையும் கணினி வலைப்பின்னலையும் கம்பியில்லாமல் இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று கேட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலை மன்னார்குடிக்கு அருகில் உள்ளது. நெல் கிடங்கு அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நடுவே வயல்களும் ஒரு தென்னந்தோப்பும் உள்ளன. ஆலையில் இருக்கும் ஃபைபர் இணைப்பை ஆண்டெனா மூலம் கிடங்குக்குக் கொண்டுசென்று, எட்டு கேமராக்களையும் எடைமேடைக் கணினியையும் இயக்க விரும்புகிறேன். பல கிலோமீட்டர் எட்டும் என்று கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆண்டெனாவை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? அரசு உரிமம் தேவையா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: உரிமம் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையின் பெரும்பகுதியைக் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். உங்களுக்கு ஏற்றது 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அங்கே ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட வெளிவீச்சு 4 வாட், அதாவது 36 டிபிஎம் (அலையின் வலிமையைக் குறிக்கும் அலகு) அளவைத் தாண்டக் கூடாது. கருவி தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் பெற்றதாகவும் இருக்க வேண்டும். உரிமம் தேவையில்லாத பட்டை எல்லோருக்கும் பொதுவானது என்பதால், பக்கத்தில் இன்னொருவர் அதே சேனலில் கருவி வைத்துவிட்டால் அரசிடம் பாதுகாப்புக் கோர இயலாது. நாம்தான் சேனலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் எதுவுமே மறைக்காத இடத்தில் கிடைக்கும் தூரம் அது. ஒன்றரை கிலோமீட்டர் என்பது இந்தக் கருவிகளுக்கு மிகவும் எளிய தூரம்; உங்களுக்குத் தடையாக இருக்கப்போவது தென்னந்தோப்புதான். டெல்டாவில் குன்றுகள் இல்லாததால் உயரத்தைக் கம்பத்தின் மூலம்தான் பெற வேண்டியிருக்கிறது, குன்று செய்யும் மறைப்பு வேலையைத் தென்னையும் மூங்கில் கொத்தும் செய்துவிடுகின்றன. ஈரமான ஓலை இந்த அலைகளை வெகுவாக உறிஞ்சும். அதனால்தான் ஓலைகளின் ஊடே ஒருவாறு வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்பு மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் தடுமாறுகிறது; ஆடிக் காற்றில் மட்டைகள் அசையும்போது விட்டுவிட்டு வருகிறது. மழைத்துளிகளால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்தத் தூரத்தில் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படுவதில்லை. மழையில் இணைப்பு அறுந்தால் ஈர ஓலையையோ, தண்ணீர் புகுந்த கேபிள் முனையையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆலையின் மாடியிலிருந்து கிடங்கின் கூரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. இரண்டு ஆண்டெனாக்களுக்கும் நடுவே அலை ஒரு மெல்லிய கோடாகச் செல்வதில்லை. நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய, நூல் நூற்கும் தக்களி போன்ற ஒரு வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. இதனை ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒன்றரை கிலோமீட்டர் பாதையின் நடுவில் இதன் ஆரம் சுமார் 4.4 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது ஏறத்தாழ 2.6 மீட்டர், மறைப்பின்றி இருக்க வேண்டும். தோப்பு நடுவில் இருந்து அதன் மரங்கள் 12 மீட்டர் உயரம் இருந்தால், இரு முனைகளிலும் ஆண்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். மரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் வரும் சில ஆண்டுகளின் வளர்ச்சிக்கும் சேர்த்து இடம் விடுங்கள். பூமியின் வளைவு இந்தத் தூரத்தில் சில சென்டிமீட்டர்தான், அதை விட்டுவிடலாம். நெட்டை ரகத் தென்னை 20 மீட்டரையும் தாண்டும் தோப்பாக இருந்தால் கம்பத்தை உயர்த்திக்கொண்டே போவதைவிட, தோப்பின் ஓரத்தில் இருக்கும் உறவினர் வீட்டு மாடியோ பம்ப்செட் கொட்டகையோ கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு இடைக்கம்பம் நட்டு, பாதையை இரண்டாக முறித்துத் தோப்பைச் சுற்றிக்கொண்டு போவது செலவிலும் பாதுகாப்பிலும் மேலானது. யாருடைய மரத்தையும் வெட்டச் சொல்ல வேண்டியிருக்காது.

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், தரிசாகக் கிடந்த வயல்களுக்கு மேலே நான் ஓர் இணைப்பு அமைத்துக் கொடுத்தேன். கோடை முழுவதும் அது குறையின்றி ஓடியது. புரட்டாசியில் சம்பா நடவுக்காக வயல்களில் தண்ணீர் கட்டியதும் வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது. கருவியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் பயனில்லை. தேங்கிய தண்ணீர்ப் பரப்பு அலைகளுக்குக் கண்ணாடியைப் போன்றது. நேராகச் செல்லும் அலையும் தண்ணீரில் பட்டுத் தெறித்த அலையும் மறுமுனையில் சேரும்போது, இரண்டின் பயணத் தூரமும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்து ஒன்றையொன்று வலுப்படுத்தவும் செய்யும், அழிக்கவும் செய்யும். 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 சென்டிமீட்டரை ஒட்டியது. அதில் பாதி, இரண்டரை சென்டிமீட்டர் வேறுபாடே வலுவை நலிவாக்கிவிடும். ஒன்றரை கிலோமீட்டர் பாதையில் இரு முனையிலும் ஆண்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு முனையை மட்டும் சுமார் 2 மீட்டர் ஏற்றியோ இறக்கியோ இந்த நிலையை மாற்ற முடியும். அன்று நாங்கள் ஆண்டெனாவை ஒன்றரை மீட்டர் கீழே இறக்கினோம். இணைப்பு பழைய நிலைக்கு வந்தது. மரங்களுக்கு மேலே போதுமான இடைவெளி இருக்கிறது என்றால் மட்டுமே இப்படி இறக்க இயலும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே கம்பத்தில் ஆண்டெனாவை நிரந்தரமாக இறுக்குவதற்கு முன் மேலும் கீழும் நகர்த்தும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பைச் சோதிக்க ஏற்ற காலம் வயலில் தண்ணீர் நிற்கும் காலமே.

கருவியைப் பொறுத்தவரை 23 டிபிஐ (ஆண்டெனா அலையை ஒரே திசையில் குவிக்கும் திறனின் அலகு) குவிப்புள்ள ஒரு சோடி ஆண்டெனா உங்களுக்குப் போதும். 36 டிபிஎம் வரம்புக்குள் நிற்க, அந்த ஆண்டெனாவுக்குக் கருவியின் மின்வீச்சை 13 டிபிஎம் அளவில் வைக்க வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர் வெளியில் இழப்பு சுமார் 111 டெசிபல். இவற்றைக் கூட்டிக் கழித்தால் மறுமுனையில் மைனஸ் 52 டிபிஎம் கிடைக்க வேண்டும் (இந்த எண் சுழியை நெருங்க நெருங்க அலை வலுவாக இருக்கிறது என்று பொருள்). இந்தக் கணக்கை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். நேரில் மைனஸ் 75 காட்டினால், ஆண்டெனா தன் முதன்மைக் கற்றையில் நிற்காமல் பக்கக் கற்றை ஒன்றில் சிக்கியிருக்கிறது, அல்லது நடுவில் ஏதோ மறைக்கிறது என்று பொருள். இரு முனையிலும் ஆள் நின்று கைபேசியில் பேசியபடி, ஒரு முனையை அசைக்காமல் வைத்து மறுமுனையை மிக மெதுவாக இடமும் வலமும் திருப்பி உச்சத்தைக் கண்டுபிடித்து, பிறகு மேலும் கீழும் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு முதல் முனையிலும் அதையே செய்யுங்கள். அவசரப்பட்டு முதல் உச்சத்திலேயே நட்டை இறுக்குவதுதான் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம். எட்டு கேமராக்களுக்கு, கேமரா ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் 32 மெகாபிட்தான். 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலே தாராளமாகப் போதும். அகலத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் இரண்டு கட்டடங்களை ஆண்டெனா மூலம் இணைத்திருந்தோம். இரண்டு ஐப்பசிகளில் இரண்டு முறை இடியில் கருவியும் அதனோடு சேர்ந்த ஸ்விட்சும் (கணினிகளை வலைப்பின்னலில் இணைக்கும் பெட்டி) எரிந்துவிட்டன. என்ன செய்யலாம்?
(ஆசிரியை, நன்னிலம்)

பதில்: இரு கட்டடங்களுக்கும் இடைத்தூரம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது ஒரே வளாகமாக இருந்து, நடுவில் பொதுச்சாலையோ பிறர் நிலமோ இல்லையென்றால், ஆண்டெனாவையே கைவிட்டு மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஃபைபர் கேபிள் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உலோகக் கம்பி இல்லாத ஃபைபரில் மின்னல் பயணம் செய்யாது. பிள்ளைகள் புழங்கும் கட்டடத்தின் உச்சியில் தேவையில்லாமல் ஓர் இரும்புக் கம்பம் நிற்க வேண்டாம்.

ஆண்டெனாதான் வழி என்றால், கம்பத்தின் உச்சி ஆண்டெனாவைவிட உயரமாக இருக்கட்டும். கம்பத்திலிருந்து வளைவு நெளிவு இல்லாமல் நேராக ஒரு தடித்த செம்புப் பட்டையோ ஜிஐ பட்டையோ இறங்கித் தனி எர்த் குழிக்குச் செல்ல வேண்டும். அந்தக் குழியைக் கட்டடத்தின் மின் எர்த்தோடு தரைமட்டத்தில் இணைத்தே ஆக வேண்டும். இரண்டு எர்த்துகளைத் தனித்தனியே விட்டுவிட்டால், மின்னல் விழும் நொடியில் அவற்றுக்கு இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு லேன் கேபிள் வழியாகத்தான் பாயும். உங்கள் ஸ்விட்ச் இரண்டு முறை எரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நமது வண்டல் மண் ஈரம் தாங்குவதால் நல்ல எர்த் கிடைப்பது இங்கே கடினமான காரியம் இல்லை. ஆனால் சித்திரையில் மண் வெடிக்கும் அளவுக்குக் காயும்போதும் அளந்து பாருங்கள். அப்போதும் 5 ஓமை ஒட்டி இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

கேபிள் வெளிப்புறத்துக்கென்றே செய்த, உலோக உறை போட்ட வகையாக இருக்க வேண்டும். அது கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் (திடீரெனப் பாயும் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) வைத்து எர்த் செய்யுங்கள். கருவிக்கு அருகில் மேலேயும் ஒன்று இருந்தால் நல்லது. உள்ளே கணினிகளுக்குச் செல்லும் ஸ்விட்சுக்கும் ஆண்டெனா கேபிளுக்கும் நடுவே, இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களும் (கேபிளின் மின்குறிப்பை ஃபைபருக்கான ஒளியாகவும், ஒளியை மின்குறிப்பாகவும் மாற்றும் பெட்டிகள்) சில மீட்டர் ஃபைபரும் வைத்துவிட்டால், மேலிருக்கும் கருவி எரிந்தாலும் கணினி அறை தப்புவதற்கு வாய்ப்பு அதிகம். மேலிருக்கும் கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரைக் கணினிகள் இருக்கும் பலகையில் செருகாமல், சர்ஜ் பாதுகாப்புள்ள தனிப் பிளக்கில் வையுங்கள். நேரடியாக விழும் இடியிலிருந்து கருவியைக் காப்பாற்ற எதனாலும் இயலாது. மேகம் திரளும்போது மாடிக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து சற்று உள்ளே எங்கள் வீடும் கடையும் உள்ளன. கஜா புயலில் முன்பிருந்த கம்பம் சாய்ந்தது. மீண்டும் வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது.
(வாசகர், வேதாரண்யம்)

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது உங்கள் பகுதி இழந்த தென்னைகளின் முன்னே ஒரு கம்பம் பெரிய இழப்பாகத் தோன்றியிருக்காது. அந்தக் காற்றை மனத்தில் வைத்தே கம்பத்தைத் திட்டமிடுங்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடிய தட்டு ஆண்டெனா ஒன்றின்மீது மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், 20 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கம்பத்தின் உச்சியைப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். தூரம் குறைவென்றால் சிறிய தட்டைப் பேனலோ, காற்று ஊடுருவும் வலைத் தட்டோ போதும். 3 மீட்டருக்கு மேற்பட்ட கம்பத்துக்கு மூன்று திசைகளில் ஸ்டே கம்பி கட்டுங்கள். கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்ப் அடித்து நிறுத்திய கம்பம் புயலில் சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

துருவைப் பொறுத்தவரை, பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம்; துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ குழாயும், 316 வகை எஃகு நட்டு போல்ட்டுகளும் வாங்குங்கள். கேபிள் கருவிக்குள் கீழ்ப்புறமாக நுழைய வேண்டும்; நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மூட்டுகளைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி ஸ்டே கம்பிகளின் இறுக்கத்தையும் எர்த் பட்டையின் மூட்டையும் பார்த்துவிடுங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோயிருக்கும்.

கேள்வி: தாராசுரம் கோயிலுக்கு அருகே எங்கள் பட்டுக் கடை உள்ளது, தறிக்கூடம் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. 60 கிகாஹெர்ட்ஸ் கருவி மிகுந்த வேகம் தரும் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், தாராசுரம்)

பதில்: வேண்டாம். 60 கிகாஹெர்ட்ஸ் அலையை காற்றிலுள்ள ஆக்ஸிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் வீதம் உறிஞ்சிவிடும். கனமழை அதற்கு மேலும் உறிஞ்சும். உங்கள் கணக்கு வழக்குக்கும் கேமராக்களுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பே நிறைவாகப் போதும். அதைவிட முக்கியமான ஒன்று உள்ளது. ஐராவதேசுவரர் கோயில் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தேசியப் பாதுகாப்புச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி பெறும் கட்டாயமும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தன. நீங்கள் நடுவது சிறு கம்பமாகவே இருந்தாலும் தொல்லியல் துறையிடம் எழுத்து மூலம் கேட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். கோயிலின் தோற்றத்துக்கு முன்னே ஒரு கம்பம் நீட்டிக்கொண்டு நிற்பதை நானும் விரும்ப மாட்டேன்.

கேள்வி: இதே முறையில் எங்கள் தெருவில் பத்து வீடுகளுக்கு என் இணைப்பைக் கொடுத்து மாதம் ஒரு தொகை வாங்கலாமா?
(வாசகர், திருவையாறு)

பதில்: அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்பதும், இணையத்தை விற்பதற்கு உரிமம் தேவையில்லை என்பதும் வேறு வேறு. வீட்டு இணைப்பை வாங்கி அப்படியே மறுவிற்பனை செய்ய முடியாது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் பொதுத் தரவு அலுவலகமாக (பி.டி.ஓ.) சேர்ந்தால், உரிமமோ கட்டணமோ இல்லாமல் வைஃபை சேவை வழங்கலாம்; அதற்கு ஓர் ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். டீக்கடையும் மளிகைக்கடையும்கூட இதில் சேரலாம். உங்கள் இணைய நிறுவனம் அதற்கேற்ற திட்டத்தைத் தருமா என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு ஆண்டெனா வாங்குங்கள்.