பாமினியில் எழுதிய பழைய கோப்புகள் லினக்ஸில் ஆங்கிலமாகத் தெரிவது குறித்து

வணக்கம். விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்டுக்கு மாறிய பின், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த உங்கள் வலைப்பதிவு வரைவுகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதாகவும், அவை கெட்டுவிட்டனவோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவை கெடவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. நீங்கள் ‘ம’ என்று கண்டது கோப்பினுள் எப்போதுமே ‘கே’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தாகத்தான் இருந்தது.

அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் உடனே படிக்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்; தேடுபொறிக்கு அது தமிழே அன்று என்பதால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

எழுத்துக்கு எழுத்து நீங்களே தேடி மாற்ற முயல வேண்டாம். ‘கெ’ என்பதைப் பாமினி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கிறது. ஒருங்குறியிலோ ககரமே முதலில் வரும். ‘கொ’ என்றால் ககரத்தின் இருபுறமும் உள்ள குறிகளை ஒன்றாக்கிப் பின்னால் வைக்க வேண்டும். இவ்வரிசையை அறிந்த மாற்றி (எழுத்துருமாற்றும் செயலி) ஒன்றே தேவை. பொங்குதமிழ் மாற்றி உலாவியிலேயே இயங்குவதால் லினக்ஸிலும் தடையில்லை.

இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழெழுத்துகளாக்கிக் குழப்பிவிடும். என் பழைய குறிப்புகளில் இதைக் கவனியாமல் விட்டு, பல இணைய முகவரிகளை மீட்க முடியாமல் இழந்தேன். ஆகவே பத்தி பத்தியாக மாற்றிச் சரிபாருங்கள். மூலக் கோப்புகளை அழிக்காமல் தனி அடைவில் வைத்திருங்கள்.